பராமரிப்பவரைப் பராமரிப்பது யார் கடன்?

எங்கள் பிள்ளையாரின் திருவருளை முன்னிட்டு இவ்வாண்டு மலருக்கும் ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். வழமையாக நான் எழுதுவது ஆலய வரலாறு, திருப்பணி விபரம், உபயகாரர் பட்டியல் என்பனவாகவே இருக்கும். முப்பத்துமூன்று வருடம் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்தவனுக்குக் கணக்கும் பதிவும்தான் கைவந்த வித்தை. இம்முறை வேறொரு கணக்கை எழுதத் துணிந்தேன். இது எங்கள் வீட்டுக் கணக்கு. அதில் நான் கடனாளி. இதை எழுத முன்னர் என் மனைவியின் சம்மதத்தைக் கேட்டேன். "எழுதுங்கோ, ஆனால் என்னைப் புகழ்ந்து ஒண்டும் எழுதப்படாது" என்றார். அந்த நிபந்தனையை இயன்றவரை காப்பாற்றுகிறேன்.

என் தாயார் 2011ஆம் ஆண்டளவில் மாறத் தொடங்கினார். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. முதலில் சின்னச் சின்ன விடயங்கள். தேநீருக்கு இரண்டு தரம் சீனி போடுவார். விளக்கேற்றிவிட்டு, "இண்டைக்கு ஏன் ஒருதரும் விளக்கு வைக்கேல்லை" என்று கேட்பார். கந்தசஷ்டி விரதத்தை வருடந்தவறாமல் பிடித்தவர், ஆறு நாளில் இது எத்தனையாவது நாள் என்று ஒரு பகலில் இருபது தடவை விசாரிப்பார். நாங்கள் சிரித்தோம். ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறதல்லவா, அறளை பெயர்ந்துவிட்டது என்று. அந்தச் சொல்லோடு விடயம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

அதன்பின் காப்பு விவகாரம் வந்தது. தன்னுடைய ஒரு சோடிக் காப்பை மருமகள் களவெடுத்துவிட்டார் என்று அம்மா சொல்லத் தொடங்கினார். எனக்கு மாத்திரம் சொல்லியிருந்தால் பரவாயில்லை. படலையடியில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னார். அந்தக் காப்பு 1996இல் இடப்பெயர்வுக் காலத்துச் செலவுக்காக அம்மாவே தன் கையால் கழற்றித் தந்தது. விற்றவன் நான். அது எனக்குத் தெரிந்திருந்தும், மனைவி அழுதுகொண்டு நின்றபோது நான் சொன்ன வார்த்தை, "பெரியவ தானே, பொறுத்துக்கொள்ளும்" என்பதுதான். பொறுக்கச் சொல்வது எளிது. பொறுப்பது மற்றவராக இருக்கும்போது இன்னும் எளிது.

அம்மாவை ஒரு வைத்தியரிடம் காட்டினோம். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, வயது போனால் இப்படித்தான் என்று சொல்லி விற்றமின் குளிசை எழுதித் தந்தார். அவரை நான் குறை சொல்ல வரவில்லை. வெளியே அறுபது எழுபது பேர் காத்திருந்தார்கள். நாங்களும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தோம். இப்படியே மூன்று வருடம் கழிந்தது. 2014இல் வேறோர் இடத்தில், வேறொரு காரணத்துக்காகக் காட்டப்போனபோது, இளம் வைத்தியர் ஒருவர் அம்மாவோடு முக்கால் மணித்தியாலம் கதைத்தார். மூன்று பொருட்களின் பெயரைச் சொல்லிக் கொஞ்சநேரம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்டார். கடிதாசியில் மணிக்கூடு கீறச் சொன்னார். இன்று என்ன கிழமை, நல்லூர்த் திருவிழா எந்த மாதம் வரும் என்று கேட்டார். பின்னர் என்னை வெளியே அனுப்பிவிட்டு என் மனைவியிடம் தனியாக விசாரித்தார். அந்த மூன்று வருடத்தில் ஒரு வைத்தியர் என் மனைவியிடம் ஏதாவது கேட்டது அதுவே முதல் தடவை.

உடனே அவர் நோயின் பெயரைச் சொல்லிவிடவில்லை. குருதிப் பரிசோதனைகள் எழுதினார், தலைக்கு ஸ்கான் எடுக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டபோது அவர் விளக்கியது எனக்குப் புதிதாக இருந்தது. மறதியாகத் தோன்றுவதெல்லாம் ஒரே நோயல்ல. தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்தாலும் இப்படி வரும். விற்றமின் பீ 12 குறைந்தாலும் வரும். கடும் மனச்சோர்வு வயதானவர்களில் மறதி வேடம் போட்டு வரும். விழுந்து தலை அடிபட்டு உள்ளே மெதுவாக இரத்தம் கசிந்தாலும் வரும். சில மருந்துகள் ஒன்றுசேர்ந்தாலும் வரும். இவற்றில் பல மாற்றக்கூடியவை, அல்லது மேலும் கூடவிடாமல் தடுக்கக்கூடியவை. இதைக் கேட்டபோது என் வயிற்றில் ஏதோ புரண்டது. அம்மாவுக்கு இருந்தது அப்படி மாற்றக்கூடிய ஒன்றாக இருந்திருந்தால், நாங்கள் சிரித்துக் கழித்த மூன்று வருடத்துக்கு யார் பதில் சொல்வது? கடைசியில் வந்த முடிவு அல்ஸைமர் நோய். மாற்ற இயலாத வகை. ஆனால் அது எங்களுக்கு முதலில் தெரியாது. தெரியாமல் செய்த தவறு, முடிவு எப்படி வந்தாலும், தவறாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இந்த நோயின் பெயருக்கு ஒரு கதை உண்டு. இளைப்பாறிய பின் தேடித்தேடி வாசித்தேன். 1901ஆம் ஆண்டு ஜேர்மனியில் பிராங்பேர்ட் நகர வைத்தியசாலைக்கு ஐம்பத்தொரு வயதான ஒரு பெண் கொண்டுவரப்பட்டார். ஓகஸ்தே டெற்றர் என்று பெயர். கணவர் புகையிரதப் பகுதி ஊழியர். நோயின் ஆரம்ப அடையாளம் மறதிகூட அல்ல, கணவன்மேல் காரணமில்லாத சந்தேகம். எங்கள் வீட்டுக் காப்பு விவகாரத்தைப் போலத்தான். அலோயிஸ் அல்ஸைமர் என்ற வைத்தியர் அவரிடம் பெயரை எழுதச் சொல்வார். அவர் எழுதத் தொடங்கி, பாதியில் என்ன எழுதுகிறோம் என்பதை மறந்துவிடுவார். தன்னையே தான் தொலைத்துவிட்டதாக அந்தப் பெண் சொன்னது நோயாளர் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. அந்தக் குறிப்பேடு பல தசாப்தங்களாகக் காணாமற்போய் 1995இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அவர் 1906 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் ரியூபிங்கன் நகரில் நடந்த வைத்தியர் மாநாட்டில் அல்ஸைமர் இதைப்பற்றிப் பேசியபோது சபையில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லையாம். கூட்டங்களில் அறிக்கை வாசித்துப் பழகிய எனக்கு அந்த இடத்தில் அவர்மேல் ஒரு பரிவு உண்டாயிற்று. 1910இல் கிரேப்பலின் என்ற பேராசிரியர் தன் நூலில் அந்த நோய்க்கு அல்ஸைமரின் பெயரையே இட்டார்.

பெயர் தெரிந்ததால் அம்மாவின் நோய் சற்றும் குறையவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒன்று மாறியது. மறுநாள் காப்புக் கதை வந்தபோது என் மனைவி அழவில்லை. "மாமி, வாங்கோ தேடுவம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு இரண்டுபேருமாக அலுமாரியைத் தேடினார்கள். தேடத்தேட அம்மா காப்பை மறந்து, பழைய கூறைச்சேலை ஒன்றைக் கண்டு தன் கலியாணக் கதையைத் தொடங்கிவிட்டார். அதுவரை அம்மாவின் குணம் என்று நாங்கள் கோபித்ததெல்லாம் மூளையில் ஏற்பட்ட ஒரு பழுது என்று விளங்கியபோது கோபிக்க ஆள் இல்லாமற் போயிற்று. நோய் நிர்ணயம் என்பது மருந்து எழுதுவதற்கு மாத்திரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு மருமகளின் மேலிருந்த பழியை நீக்கியது. மூன்று வருடம் பிந்தி நீக்கியது.

இந்தப் பரிசோதனைகளிலும் ஒரு நியாயப் பிரச்சினை இருந்திருக்கிறது. உலகெங்கும் பாவனையிலுள்ள ஒரு கேள்விக்கொத்து 1975இல் அமெரிக்காவில் ஆக்கப்பட்டது. சொல்லைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டு, ஐங்கோணம் இரண்டைப் பார்த்து வரை என்று கேட்கும். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் தாயார் நல்ல சுகமாக இருந்த காலத்திலும் அதில் சித்தியடைந்திருக்க மாட்டார். பள்ளிக்கூடம் காணாதவருக்கு நோய் இல்லாமலே நோய் என்று எழுதிவிட அது இடம் கொடுக்கும். 1998இல் இந்தியாவின் கொச்சி நகரில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் "10/66" என்ற பெயரில் ஒரு குழுவை அமைத்தார்கள். டிமென்சியா நோயாளரில் நூற்றுக்கு அறுபத்தாறு பேர் வசதி குறைந்த நாடுகளில் இருந்தும், அந்த நாடுகளில் நடக்கும் ஆராய்ச்சி நூற்றுக்குப் பத்திலும் குறைவு என்பதே அந்தப் பெயரின் பொருள். படிப்புக் குறைந்தவரையும் நியாயமாகப் பரிசோதிக்கும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். எங்கள் நாட்டிலும் ராகமைப் பகுதியில் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் எழுநூறு பேரளவில் பரிசோதிக்கப்பட்டு, நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு இந்நோய் இருப்பதாக 2003இல் வெளியிடப்பட்டது. எங்கள் தேர் வடத்தில் கைவைக்க முடியாமல் ஓரமாகக் கதிரையில் இருக்கும் முதியவர்களை எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு நான்கு என்றால் அது எங்கோ இருக்கும் நோயல்ல.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மாவுக்குத் தரப்பட்ட குளிசை கொஞ்சக் காலம் தெளிவைத் தாங்கிப்பிடித்தது, அவ்வளவுதான். இப்போது வேகமாக ஆராய்ச்சி நடக்கிறது. மூளையில் படியும் ஒருவகைப் புரதத்தை அகற்றும் லெகனெமாப் என்ற ஊசிமருந்துக்கு 2023இலும், டொனனெமாப் என்பதற்கு 2024இலும் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. நோயை நிறுத்துவதில்லை. லெகனெமாப் பதினெட்டு மாதத்தில் வீழ்ச்சியை நூற்றுக்கு இருபத்தேழு அளவு மெதுவாக்கியதாகக் கண்டார்கள். மூளையில் வீக்கம், கசிவு என்ற ஆபத்துகளும் உண்டு. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கே கொடுக்கலாம். 2025 மே மாதத்தில் நோயறிய உதவும் ஒரு குருதிப் பரிசோதனைக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. நல்ல செய்திகள். ஆனாலும் ஊசி வந்தாலும் வராவிட்டாலும், குளிப்பாட்டவும் சோறு தீத்தவும் இராவில் எழும்பவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைப் பற்றித்தான் நான் எழுத வந்தது.

எங்கள் வீட்டில் இரவு என்பது 2015க்குப் பின்னர் இல்லாமற் போயிற்று. அம்மாவுக்குக் காலம் குழம்பி, 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு திரும்பத் திரும்ப வந்தது. வலிகாமம் முழுவதும் மழைக்குள் நடந்த அந்த இரவைத் தெரியாதவர்கள் எங்களூரில் இளம்பிள்ளைகள் மாத்திரமே. நடுச்சாமத்தில் எழும்பிச் சேலை, அரிசி, சுவாமிப்படம் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு, "வெளிக்கிடுங்கோ, இன்னும் என்ன படுக்கை" என்று கதவைத் தட்டுவார். என்னைத் தன் தமையன் என்று நினைத்து, "அண்ணை, பாலம் உடைக்க முந்திப் போயிடவேணும்" என்பார். என் மனைவி எழும்பி அந்த மூட்டையை வாங்கிச் சைக்கிளில் கட்டுவதுபோலக் கட்டி, வளவைச் சுற்றி இரண்டு தரம் கூட்டிக்கொண்டு நடப்பார். "வந்திட்டம் மாமி, இது சாவகச்சேரி" என்றதும் அம்மா திண்ணையில் இருந்து, தேத்தண்ணி கேட்டு, நித்திரையாகிவிடுவார். காலையில் எனக்குக் கச்சேரி. அதனால் நான் எழும்புவதில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான், உள்ளதை எழுத வேண்டும்.

திருவிழாக் காலம் இன்னும் கொடுமை. சப்பறத் திருவிழாவுக்கு வாணவேடிக்கை உபயம் பிடித்துக் கொடுத்தவன் நான். வெடிச்சத்தம் கேட்டவுடன் அம்மா கட்டிலின் கீழே போய்ப் படுத்துக்கொள்வார். மனைவியும் கூடவே நிலத்தில் படுத்து அவரின் காதுகளைப் பொத்திக்கொண்டிருப்பார். நான் வசந்தமண்டபத்தில் பரிவட்டத்தோடு நின்று காளாஞ்சி வாங்கிக்கொண்டிருப்பேன். "குடும்ப பாரத்திலும் கோயில் தொண்டை விடாதவர்" என்று ஒரு வருடம் ஒலிபெருக்கியில் என்னைப் பாராட்டினார்கள். அந்தக் குரல் எங்கள் வீட்டுக் கட்டிலின் கீழும் கேட்டிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் என் சகோதரங்கள் மாதம் தவறாமல் காசு அனுப்பினார்கள், அதை மறைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்து, "அம்மாவை வடிவாப் பாருங்கோ" என்பார்கள். பார்க்கிறவரை யார் பார்க்கிறார்கள் என்று எவரும் கேட்டதில்லை. பழைய எழுதுவினைஞன் ஆகையால் சட்டப் புத்தகமும் புரட்டினேன். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. பராமரிப்புப் பணம் கேட்டு முறையிடச் சபையும் உண்டு. நல்ல சட்டம். எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியவர் மாத்திரம் பிள்ளையல்ல, மருமகள்.

2017 ஆவணித் திருவிழா முடிந்து கொடியிறக்கிய அடுத்தநாள், என் மனைவி கிணற்றடியில் இருந்து கால் கழுவும்போது ஒரு மணம் வந்தது. இடதுகால் விரல்களுக்கிடையில் புண், உள்ளே கறுத்துவிட்டிருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டேன். "விறைச்ச மாதிரி இருந்தது, பாக்க நேரமில்லை" என்றார். அவருக்குச் சலரோகம் இருந்தது எனக்குத் தெரியும். மாதாமாதம் கிளினிக் போகிறார் என்றே நினைத்திருந்தேன். அலுமாரியிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் பதிவேட்டில் விடுபட்ட திகதிகளைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் குறியிட்டவன் நான். அந்தக் கொப்பியில் பதினான்கு மாதம் ஒன்றும் இல்லை. அம்மாவைத் தனியே விட்டுவிட்டுக் காலையில் ஐந்து மணித்தியாலம் வரிசையில் நிற்க அவரால் முடியவில்லை. சொல்லியிருக்கலாமே என்றேன். "உங்களுக்குத் திருவிழா வேலை" என்றார். இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது.

எங்கள் வீட்டில் நடந்தது எங்களுக்கு மாத்திரம் நடந்ததல்ல என்று பின்னர்தான் அறிந்தேன். அமெரிக்காவில் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1999இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நோயுற்ற கணவனையோ மனைவியையோ பராமரித்து அதனால் நெருக்கடிக்குள்ளான முதியவர்களையும், அப்படியான பொறுப்பு இல்லாதவர்களையும் நான்கு வருடம் கவனித்தார்கள். நெருக்கடிக்குள்ளானவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபத்துமூன்று கூடுதலாக இருந்தது. பராமரித்தும் நெருக்கடி இல்லாதவர்களில் அந்த வித்தியாசம் காணப்படவில்லை. இதைத்தான் நாங்கள் கவனிக்க வேண்டும். ஆளை வருத்தியது பராமரிப்பு என்ற காரியத்தைவிட, தாங்கமுடியாத அளவு சுமை என்பதே.

அந்தச் சுமையைக் குறைக்க முடியுமா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நியூயோர்க்கில் மேரி மிற்றல்மன் என்ற அம்மையாரின் குழு 1987இல் தொடங்கி, அல்ஸைமர் நோயாளரின் துணைவர் 406 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. பாதிப்பேருக்கு வழமையான உதவி. மற்றப் பாதிப்பேருக்கு ஆறு தடவை ஆலோசனை, அதன்பின் பராமரிப்பவர்களின் ஒரு கூட்டம், தேவையானபோது தொலைபேசியில் கேட்கும் வசதி. உதவி பெற்றவர்கள் தங்கள் நோயாளரை 557 நாள் கூடுதலாக வீட்டிலேயே வைத்துப் பார்க்கக்கூடியதாக இருந்தது. ஏறக்குறைய ஒன்றரை வருடம்! ஒரு மருந்தும் புதிதாகக் கொடுக்கவில்லை. இதில் என் மனதில் தைத்தது ஒரு சிறு விபரம். அந்த ஆறு ஆலோசனைகளில் நான்கு பராமரிப்பவரோடு மற்றக் குடும்பத்தவர்களையும் இருத்தி நடத்தப்பட்டவை. அதாவது என்னைப் போன்றவர்களையும், ஞாயிறு தொலைபேசிக்காரரையும்.

அமெரிக்காவில் வசதி உண்டு, எங்களுக்கு எங்கே என்பீர்கள். கோவாவில் வசதி அவ்வளவு இல்லை. அங்கே 81 குடும்பங்களைக் கொண்டு ஆறு மாதம் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. வைத்தியப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றி வீடு வீடாக அனுப்பினார்கள். நோயைப் பற்றி விளக்குவதும், சண்டித்தனத்தைச் சமாளிக்கச் சொல்லிக் கொடுப்பதும், பராமரிப்பவரின் கதையைக் கேட்பதும்தான் அவர்களின் வேலை. மேலே ஒரு மனநல வைத்தியர் வழிகாட்டினார். பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாகத் தேறியது. அயலவர் ஒருவர் வந்து அருகில் இருப்பது எங்கள் ஊருக்குப் புதிதா? செத்தவீட்டுக்கு எட்டு நாளும் ஆள் மாறி ஆள் போய் இருக்கிறோம். உயிரோடு இருப்பவரின் வீட்டுக்குத்தான் போவதில்லை.

இதைப்பற்றி ஊரில் கதைத்தபோது இரண்டு மறுப்புகள் வந்தன. ஒன்று, "எல்லாம் அவரவர் வினை, அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும்" என்பது. வினையை நானும் நம்புகிறவன். என் தாயாரின் நோய் அவரின் வினை என்றே வைத்துக்கொள்வோம். பதினான்கு மாதம் அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்காதது யாருடைய வினை? ஒருவரின் வினைப்பயனைச் சாட்டி மற்றவர் தன் கடமையிலிருந்து தப்புவதற்கு சைவம் இடந்தரவில்லை. மற்றது கொஞ்சம் கனமான மறுப்பு. எங்கள் சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார்: பெற்றாரையும் புருஷனையும் பார்ப்பது பாசம். அதற்கு உதவியாள், ஆறுதல் கூட்டம் என்று தொடங்கினால் பாசம் சம்பளக் கணக்காகிவிடும். அவர் தன் துணைவியாரை நான்கு வருடம் தனியாகப் பார்த்து அனுப்பியவர். ஆகையால் நான் அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. இப்போதும் முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒன்று மாத்திரம் கண்ணால் கண்டேன். பாசம் இல்லாததால் என் மனைவி சோர்ந்து போகவில்லை. ஒருநாள் அவர் அம்மாவின்மேல் பெருங்குரலில் கத்திவிட்டுச் சுவாமி அறைக்குள் போய்த் தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். நித்திரை கொள்ளாத ஓர் உடம்பு போட்ட சத்தத்தைப் பாவம் என்று நினைத்து வருந்தினார். இரண்டு இரவு நித்திரை கிடைத்திருந்தால் அந்தப் "பாவம்" நடந்திராது.

பெரியபுராணத்தில் திலகவதியார் கதையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். சூலைநோயால் துடித்த தம்பி இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுகிறார். அம்மையார் திருநீறு கொடுத்து, விடியமுன் திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது தம்பியையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார். கோயில் தொண்டையும் நோயாளியையும் அவர் பிரிக்கவில்லை. அந்தத் தம்பிதான் எங்கள் அப்பர் சுவாமிகள். அவர் அறுபத்துமூவரில் ஒருவர். தமக்கையாரின் பெயர் அந்த அறுபத்துமூன்றுக்குள் இல்லை. சேக்கிழார் பெருமான் அவரைப் பாடாமல் விட்டார் என்று சொல்லவில்லை, உருகித்தான் பாடியிருக்கிறார். ஆனாலும் எங்கள் கோயிலில் நாயன்மார் குருபூசை உபயப் பட்டியலை வருடாவருடம் எழுதுகிறவன் என்ற முறையில், அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு என் வீட்டு ஞாபகம் வருகிறது.

அம்மா 2019 தை மாதம் சிவபதமடைந்தார். அதற்கு நான்கு மாதம் கழித்து நான் இளைப்பாறினேன். "பென்சன் எடுத்தபிறகு நான் பாக்கிறன்" என்று மனைவிக்கு ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கை நிறைவேற்ற எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. இப்போது அவரின் கிளினிக் கொப்பியை நான்தான் வைத்திருக்கிறேன். ஒரு திகதியும் தவறவில்லை. வைத்தியர்கள் சொல்லும் இன்னொன்றையும் இதிலே சேர்த்துவிடுகிறேன். சலரோகம், குருதி அமுக்கம், புகைத்தல், காது கேளாமை, கண்பார்வைக் குறைவு, தனிமை என்று பதினான்கு காரணங்களைக் கவனித்தால், உலகில் டிமென்சியா நோயில் ஏறத்தாழ அரைவாசியை, நூற்றுக்கு நாற்பத்தைந்தை, தடுக்கவோ பின்போடவோ இயலும் என்று லான்செற் ஆணைக்குழு 2024இல் கணித்திருக்கிறது. ஆகையால் கற்றறாக் சத்திரசிகிச்சைக்குப் பயந்து ஒளித்துத் திரியும் பெரியவர்கள் தயவுசெய்து போய்ச் செய்துகொள்ளுங்கள்.

சபைக் கூட்டத்தில் நான் ஒரு பிரேரணை கொண்டுவந்தேன். எங்கள் அன்னதான மடம் திருவிழாக் காலம் தவிர்ந்த நாட்களில் பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் ஒரு பிற்பகல் அதைத் திறந்து, நோயாளரைப் பராமரிப்பவர்கள் வந்திருந்து கதைக்கவும், வேண்டுமானால் தாதி ஒருவரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ அழைத்து விளக்கம் கேட்கவும் இடங்கொடுக்கலாம். அந்த நேரத்தில் அவர்களின் வீடுகளில் நோயாளருக்கு அருகில் இருக்கத் தொண்டர்களைப் பதிவு செய்யலாம். சப்பறத்தன்று வாணவேடிக்கையை நிறுத்தி அந்தப் பணத்தை இதற்கு ஒதுக்கலாம் என்றும் சேர்த்திருந்தேன். கூட்ட அறிக்கையில் "மேலும் ஆராயப்படும்" என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த வசனத்தை என் உத்தியோக காலத்தில் நானே நூற்றுக்கணக்கான கோவைகளில் எழுதியிருக்கிறேன், அதன் பொருள் எனக்குத் தெரியும். வாணவேடிக்கை விடயத்தில் இளைஞர்கள் என்னோடு கோபம். அதுவும் நியாயந்தான், அவர்களுக்கு வருடத்தில் ஒருநாள் சந்தோஷம்.

சபை ஆராயும்வரை நான் ஒரு கொப்பியைத் தொடங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூசை முடிந்தபின் மடத்து வாசலில் அதோடு இருப்பேன். நடுவே கோடு கீறி இரண்டு பக்கமாக்கியிருக்கிறேன். வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர்கள், ஒரு பிற்பகல் ஓய்வு வேண்டுபவர்கள், இடதுபக்கத்தில் பெயர் எழுதலாம். வெட்கப்பட்டால் பெயர் வேண்டாம், வீட்டைச் சொன்னால் போதும். இரண்டு மணித்தியாலம் போய் அருகில் இருக்கக்கூடியவர்கள் வலதுபக்கத்தில் எழுதலாம். இம்மலர் அச்சுக்குப் போகும் இன்றுவரை இடதுபக்கத்தில் ஏழு வீடுகள். வலதுபக்கத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று என்னுடையது. மற்றது என் மனைவியின் கையெழுத்து.